விதை முளைப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் பேரும் பேசுகிற கூட்டத்தில் பயறு முளைப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் போதாது என்று நாம் பல வருடமாகச் சொல்லி வருகிறோம். அந்தக் கோரிக்கை நிறைவேறினால் அங்கே போய் உட்காரப் பிள்ளைகள் வேண்டும். அதற்கான தயாரிப்பு தரம் 1, தரம் 2 வகுப்பிலேயே தொடங்குகிறது.

ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது. விதை, வேர், தண்டு, இலை எல்லாம் அதில் வருகின்றன. படத்தைக் கரும்பலகையில் வரைந்து பெயரைப் பாடமாக்கினால் பிள்ளை புள்ளி வாங்கும். ஆனால் செடி வளர்வதை அது பார்த்திருக்காது. ஆறு வயதுப் பிள்ளையால் ஒரு கோப்பையின் முன்னால் ஐந்து நாள் காத்திருக்க முடியாது. இந்த இடத்தில்தான் கைத்தொலைபேசி உதவுகிறது.

நாங்கள் செய்கிற முறை எளிது. பயறை இரவில் ஊற வைத்து, கண்ணாடிப் போத்தலின் ஓரமாக ஈரப் பஞ்சுக்குள் வைக்கிறோம். வேர் வருவது வெளியே தெரியும். ஒரு பழைய போனைச் செங்கல்லில் சாய்த்து, அசையாமல் நிறுத்துகிறோம். 15 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு நாளில் 96 படம், ஐந்து நாளில் 480 படம். வினாடிக்கு 16 படம் வீதம் ஓட்டினால் ஐந்து நாள் வளர்ச்சி அரை நிமிடத்தில் தெரியும். இன்டர்நெட் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மலை ஏறினார்களே, அந்தக் கஷ்டம் இதில் இல்லை. இரவுப் படத்துக்கு ஒரு சிறு விளக்கும், போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக்கும் இருந்தால் போதும்.

முளைத்த போத்தலைப் படுக்க வைத்தும் படம் எடுக்கிறோம். வேர் வளைந்து கீழே போகிறது, தண்டு வளைந்து மேலே எழும்புகிறது. அதைப் பார்த்ததும், "யார் சொல்லி அதுக்குத் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் விஞ்ஞானம்.

படம் மட்டும் காட்டினால் ஒரு ஆபத்தும் உண்டு. அரை நிமிடத்தில் செடி வளர்ந்துவிடும் என்று பிள்ளை நினைத்துவிடும். அதனால் தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி, தேதி எழுதி, வரிசையாக ஒட்டச் சொல்கிறோம். பத்து நாளில் சுவரில் ஏணி போல் நிற்கும். குளிர் கூடிய நாளில் வளர்ச்சி குறைந்ததும் அதில் தெரியும். வரைபு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே பிள்ளை ஒரு வரைபை உண்டாக்கிவிடுகிறது.

இந்தப் பாடத்துக்கு உங்களைவிடப் பெரிய துணை எங்களுக்குக் கிடையாது. ஒரு மலையில் கொழுந்தெடுத்துவிட்டு ஏழெட்டு நாள் கழித்து அதே மலைக்குத் திரும்புகிற அம்மாவுக்கு, இடையில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிகிறது. போன் செய்கிற வேலையை அந்தக் கண் பல வருடமாகச் செய்கிறது. நாற்று மேடையில் வேலை செய்தவர்களுக்கு, ஒரு இலையோடு ஒரு துண்டுத் தண்டை வெட்டிப் பையில் நட்டு, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் பக்குவம் தெரியும். விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, துண்டிலிருந்து வந்த வீ.பி. தேயிலைக்கு அது கிடையாது. வறட்சி வந்தால் எது தாங்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கவ்வாத்து வெட்டி இலையே இல்லாமல் நிற்கிற மரம் எப்படித் துளிர்க்கிறது? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளைக் கொண்டுதான். கவ்வாத்து வெட்டுகிற அப்பா மரத்தையும், நாங்கள் அந்தக் காரணத்தையும் காட்டினால், வீட்டு வேலையும் பாடமும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு விளங்கும். "நமக்கென்ன தெரியும், டீச்சரிடம் கேள்" என்று பிள்ளையிடம் இனிச் சொல்லாதீர்கள்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். கணினியும் திரையும் நம் பிள்ளைகளுக்கு வருவதற்கும் அதேபோல் ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது. அதனால் தோட்டக் கமிட்டிகள் நான்கு விடயங்களைப் பேச வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, பாடசாலையை ஒட்டி ஒரு துண்டு நிலம். மருந்து அடிக்கிற மலைக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது. தண்ணீர் எட்டுகிற இடமாகவும் இருக்க வேண்டும். இதைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.

இரண்டாவது, சிறு பிள்ளைகளின் வகுப்பறையில் வேலை செய்கிற ஒரு பிளக், பூட்டுள்ள ஓர் அலுமாரி, ஒரு திரை. இவற்றைக் கல்வி அலுவலகத்திடம் கேட்போம். இது பிச்சை அல்ல, உரிமை.

மூன்றாவது, இந்தப் பெயரில் பெற்றோரிடம் காசு சேர்க்கக் கூடாது. பிள்ளையின் படிப்புக்கென்று யாரும் கடனுக்குப் போன் வாங்க வேண்டாம். வகுப்புக்கு ஒரு பழைய போன் போதும். அந்தப் போன் செடியைத்தான் படம் எடுக்க வேண்டும், பிள்ளைகளின் முகத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது.

நான்காவதுதான் முக்கியம். துண்டு நடுவது எப்படி என்று காட்ட வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் வருகிற அம்மாவுக்கு அன்று அரைப்பேர் போடக் கூடாது. தவணைக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவருக்கு முழுப்பேர் என்று நிர்வாகத்தோடு பேசி எழுதி வாங்க வேண்டும். நாட்சம்பளம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த அம்மாவும் பாடசாலை வாசலை மிதிக்க மாட்டார்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த நான்கையும் சேருங்கள். உங்கள் தோட்டத்துப் பாடசாலையில் பிளக் இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்று அதிபரிடம் கேட்டு எழுதி வாருங்கள். மற்றதை அந்தப் பட்டியலை வைத்துப் பேசுவோம்.