பகுதிநேரக் கலை, முழுநேரச் சாதி

(திருநகரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலைக்கல்வியில் முதுகலைப் பட்டம் படிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். குடியிருப்புக்குப் பட்டா இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, இதில் ஓவியப் படிப்பு ஒரு கேடா என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அந்தச் சுடுகாட்டுப் பாதையிலேருந்தே ஆரம்பிப்போம். அதுல பொணத்துக்கு முன்னாடி பறை அடிச்சுக்கிட்டுப் போனவன் யாரு? அவனைக் கலைஞன்னு எந்த ஊர்க்காரனாவது சொன்னானா? சாவு விழுந்தா அடிச்சே ஆகணும், மாட்டேன்னா ஊர்க்கட்டுப்பாடு. அதே பறை இன்னைக்குக் கல்லூரி விழா மேடையில் ஏறினால் 'நாட்டுப்புறக் கலை' ஆகிவிடுகிறது. தோலும் அதே தோல், அடியும் அதே அடி. எது கலை, எது ஊழியம் என்று பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்த அதிகாரத்தின் ஒரு நாற்காலிதான் நீங்கள் சொல்லும் இந்த முதுகலைப் பட்டம்.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போய், 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அவரைத் தன் ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். இந்த டூயிதான் கலைக்கல்வி படிக்கிறவர்கள் உலகம் முழுக்க இன்றும் படிக்கிற ஆள். கலையை அன்றாட வாழ்விலிருந்து பிரித்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள், அதைத் திரும்ப வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்று 1934இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அமெரிக்காவுக்கு அது சரி. நம்ம ஊர்ல? இங்க கலையை வாழ்க்கையோட மட்டுமில்ல, பிறப்போடயே சேர்த்துக் கட்டி வச்சிருக்கான். பறை இவனுக்கு, சக்கரம் அவனுக்கு, உளி இன்னொருத்தனுக்கு. ஆகவே டூயியை நாம் அம்பேத்கர் வழியாகத்தான் படிக்க முடியும். முதலில் கட்டை அறுக்கணும். பிறகு யாருக்கு எது பிடிக்கிறதோ அதை அவரவர் கையில் எடுக்கணும். கைத்திறன் வேண்டும், குலத்தொழில் வேண்டாம்.

இந்த வேறுபாட்டைக் குழப்பித்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராசர் திட்டத்தைத் தூக்கியெறிந்தார். முடிந்ததா? 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் என்று கொண்டுவந்தது. குடும்பவழித் தொழில் செய்கிறவராக இருக்கணும் என்றார்கள். இந்த வடிவில் ஏற்கமாட்டோம் என்று 2024இல் தமிழக அரசு சொன்னது. எழுபது வருசம் கழிச்சும் அதே சண்டை.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. அங்கெல்லாம் ஓவியம், சிற்பம் என்று படைக்கக் கற்றுத் தருகிறார்கள். கலைக்கல்வி என்பது அதிலிருந்து கொஞ்சம் வேறு. கலையை எப்படிக் கற்பிப்பது, பாடத்திட்டத்தில் எது இருக்கணும், குழந்தை வரைந்ததை எதை வைத்து மதிப்பிடுவது என்பதெல்லாம் அதில் வரும். தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, முதுகலைப் பட்டமும் தருகிறார்கள். இதைப் படித்தவர்தான் நாளைக்கு ஆசிரியருக்கே ஆசிரியர். பாடப்புத்தகக் குழுவில் உட்காருகிறவர்.

அப்படி ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாக்பூரில் பிறந்த சவி சவர்க்கரைப் பாருங்கள். பரோடாவில் முதுகலை படித்தார், தில்லி கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். கழுத்தில் சட்டியும் இடுப்பில் துடைப்பமும் கட்டிய நம் பாட்டன்களை, பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களை அவர் வரைந்தார். இங்கே மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு, நாமெல்லாம் பரட்டை அண்ணன் என்று சொல்வோமே, 2005இல் மறைந்தார். கர்நாடக மெட்டில் பாடிக்கிட்டிருந்த சபைக்குள்ள நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். வெளியே நின்று கத்தியிருந்தால் நாலு பேர் கேட்டிருப்பான். வகுப்பறையில் நின்றதால் ஊர் ஊருக்கு அவருடைய மாணவர்கள் பாடினார்கள்.

ஆனால் படித்துவிட்டு வந்தால் வேலை? இங்கேதான் சட்டமே நம்மைக் கிள்ளுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படியுங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புள்ள பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும், கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. கணக்கு முழுநேரம், கலை பகுதிநேரம். அதன்படி 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூணு அரை நாள். பிறகு ஊதியம் கூடியது. நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தே அவர்களுக்கு வயசு போனது. நகரத்துப் பணக்காரப் பிள்ளை மாதக் கட்டணம் கட்டி ஓவியம் கத்துக்கும். சேரிப்பிள்ளைக்கு அந்த மூணு அரை நாள்தான். அதுக்கும் ஆள் இல்லேன்னா அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்குவார்.

நான் கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. அதனால காசு விஷயமும் சொல்லணும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நம்ம பக்கத்துத் தங்கச்சி ஒண்ணு கலை முதுகலைக்கு இடம் கிடைச்ச கடிதத்தோட வந்துச்சு. "படம் வரையறதுக்கெல்லாம் கடனா? வேலை கிடைக்குமாம்மா?" என்றார் அதிகாரி. அன்னைக்குக் காலையில என்ஜினியரிங் கடன் வாங்கிப்போன பையன்கிட்ட அந்தக் கேள்வி இல்லை. சார், விதிப்படி பாருங்க என்றேன். 2015 முதல் கல்விக் கடனுக்கு ஓர் உத்தரவாத நிதி இருக்கு. 7.5 லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம். அந்தத் தங்கச்சி கடன் வாங்கித்தான் போச்சு. நீங்களும் இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போங்க. கடனுக்கு முன்னால், மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். அது முதுகலைக்கும் உண்டு.

வெளிநாடு போகலாமே என்பீர்கள். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதில் ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிப் படிக்க அந்தப் பணம் கிடையாது. பறையைப் பற்றி ஆராயப் பறையன் மகன் வெளியே போகக்கூடாது! கைவினைஞர் வீட்டுப் பிள்ளைக்கு இடம் உண்டாம், அவன் வீட்டுக் கலையைப் பற்றிப் படிக்க மட்டும் வழி கிடையாதாம். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிகிறதல்லவா?

திருநகரிலிருந்து சைக்கிள் மிதித்தால் விளாச்சேரி. கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் மண்பொம்மை அங்கேயிருந்துதான் போகிறது. அவர்கள் நம் சாதியல்ல. ஆனால் அந்தக் கைகளுக்கும் பல்கலைக்கழகத்தில் நாற்காலி கிடையாது. மண்ணின் பதம் தெரிந்த அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது, சான்றிதழ் இல்லை. அவர் மகள் அந்தச் சான்றிதழை வாங்கணும். நம் மகனுக்குச் சக்கரம் பிடித்தால் அவன் பானை வனையணும், அவர்கள் மகளுக்குப் பறை பிடித்தால் அவள் அடிக்கணும். அப்படி ஒரு வகுப்பறையை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் நமக்கு வேண்டும்.

ஆகவே மூன்று வேலை. ஒன்று, கலைக்கல்வியை முழுநேரப் பாடமாகவும் முழுநேரப் பணியாகவும் ஆக்கு என்ற கோரிக்கை நம் மாணவர் அமைப்பின் அறிக்கையில் ஏறணும். இரண்டு, அந்த 2022 விதியை நீக்கச் சொல்லி எழுதணும், கத்தணும். மூன்று, கை வசப்பட்ட தம்பி தங்கச்சிகளை 'குரூப் ஃபோர் எழுது' என்று மட்டும் விரட்டாமல் நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணணும். குரூப் ஃபோரும் எழுதட்டும், நானே அப்படி ஒரு தேர்வு எழுதி வந்தவன்தான்.

கடன் விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் யாருக்கு நிரப்பணுமோ, கூட்டம் முடிஞ்சதும் இருங்க. பேனா கொண்டாந்திருக்கேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நகல் இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க.

ஜெய்பீம்.