பாரி மகளிரும் அப்பாயியின் மூட்டையும்



உயர்தர வகுப்பில் புறநானூறு படிப்பிக்கும்போது 112ஆம் பாடலுக்கு வந்ததும் நான் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. பாரி மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு ஐந்தே அடிகள். மூவேந்தரின் முற்றுகையில் பாரி மாண்டான். பறம்பு மலையும் பறிபோனது. அடுத்த முழுநிலவைக் காண்கிறார்கள் அப்பெண்கள். தந்தையும் மலையும் தங்களுக்கு இருந்த முந்திய நிலாநாள் அவர்கள் நினைவில் எழுகிறது. துறை கையறுநிலை என்று எழுதிவிட்டுப் பரீட்சைக்கு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இந்தப் பெண்கள் யார்? கபிலர் இவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். இருவருமே ஏற்க மறுத்தார்கள். வீடும் நாடும் இழந்து வாசல் வாசலாக நின்ற அந்தப் பெண்களை இன்றைய சொல்லில் அகதிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நிலவு அவர்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என்றாலும் அதைக் கண்டதும் போனதெல்லாம் திரும்பி வருகிறது. இக்கால உளமருத்துவம் மிகப் பிந்தியே இதற்குப் பெயரிட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய போர்வீரர்களின் துன்பம் கண்ட பின்னர், 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு மருத்துவர்கள் மனவடு என்ற நல்ல தமிழ்ச்சொல்லை வழங்குகிறார்கள். நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் இருத்தல், அதை நினைவூட்டும் எதையும் விலக்கி நடத்தல், எந்நேரமும் காவல் இருப்பவரைப்போல் விழிப்பாக இருத்தல் ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள்.

நேயர்களே, ஊவா மலைகளில் இந்த வடு இல்லாத தோட்டம் அருமை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் லயங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. நம்மவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்கள் குடியேற உதவின. மலையாளபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் போன்ற ஊர்களில் காடு வெட்டி வாழ்ந்தார்கள். போர் அங்கேயும் அவர்களை மறுபடி மறுபடி பெயர்த்தது. 2009இல் மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் நின்றவர்களில் நம் தோட்டங்களில் பிறந்தவர்களும் இருந்தார்கள். இன்னும் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். ஒருமுறை பெயர்ந்தவருக்கு ஆறுவதற்கு ஓர் இடமாவது கிடைக்கலாம். திரும்பத் திரும்பப் பெயர்ந்தவருக்கு ஆறுவதற்குக் காலமும் கிடைப்பதில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். 77 ஆவணியில் என் அப்பாயி பிள்ளைகளோடு மூன்று இரவுகள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தார். கைக்குழந்தை அழுதால் இடம் தெரிந்துவிடும் என்று சீலைத் தலைப்பால் அதன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். குழந்தை பிழைத்தது, அவர்தான் என் சின்ன அத்தை. அதன் பிறகு அப்பாயி சாகும்வரை கதவோரம் ஒரு மூட்டை இருந்தது. இரண்டு சீலை, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், ஒரு தீப்பெட்டி. பொழுது சாய்ந்தால் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டி வைப்பார். பேரப்பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். இரவில் ரோட்டில் லொறி நின்றால் அப்பா விளக்கை அணைப்பார். ஏன் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. 2000 ஒக்ரோபரில் இதே பண்டாரவளையில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட அன்று, அந்த மூட்டை அப்பாயியின் மடிக்கே வந்துவிட்டது. அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

நான் 77இல் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் சென்ற வருடம் பதுளை பஸ்ஸில் என் மகள் சத்தமாகத் தமிழில் கதை சொல்லிக்கொண்டு வந்தபோது, என் கை தானாகப் போய் அவள் வாயைப் பொத்தியது. பஸ்ஸில் எவரும் எங்களை முறைத்துப் பார்க்கவில்லை. முன் ஆசனத்துச் சிங்களப் பெண் பிள்ளைக்குச் சிரித்துக்கூடக் காட்டினார். அப்படியானால் அந்தக் கை யாருடைய கை? அப்பாயியின் பயம் எந்த வழியாக எனக்கு வந்தது?

1966இல் கனடாவில் விவியன் ரேக்கொஃப் என்ற உளமருத்துவர், நாசி முகாம்களில் தப்பிய யூதர்களின் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இதையே கண்டு எழுதினார். முகாமைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அதன் சுமையைச் சுமந்தார்கள். நம் நாட்டில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடபுலத்து மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றி, போரின் உளப்பாதிப்புகள் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் தந்தார். பின்னர் கூட்டு உளக்காயம் என்ற கருத்தையும் விரித்தார். காயப்படுவது தனியாள் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அதன் சாரம். அயலாரை நம்பாமை, வாய்மூடி இருத்தல், குடி, காரணமில்லாத கோபம் ஆகியவற்றை நாம் தனித்தனிக் குணக்கேடுகளாகப் பார்க்கிறோம். பல வீடுகளில் அவற்றின் அடிவேர் ஒன்றாக இருக்கலாம். நம் மக்கள் மனம் நோகிறது என்று வைத்தியரிடம் சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு உலைவு, நித்திரை இல்லை என்றே சொல்வார்கள். மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுகிறோம்.

மனிதர் செய்ததற்கு மட்டுமன்று, மலை சரிந்ததற்கும் இது பொருந்தும். 2014 ஒக்ரோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். மிஞ்சிய குடும்பங்கள் பல, பாவனையற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் தங்கின. புதிய வீடுகளின் கையளிப்பு 2016இல்தான் நடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடி மலை இறங்கியது. வீடு இழந்தவருக்குத் தகரமும் அரிசியும் கொடுக்கிறோம்; கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் கண்விழித்திருக்கும் தாய்க்கு என்ன கொடுக்கிறோம்?

இலக்கியம் மருந்தாகாது. நித்திரையும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று பேசுபவரை வைத்தியரிடமே அழைத்துப்போக வேண்டும். அது வெட்கப்படும் காரியமன்று. ஆனால் சொல்ல வாய் வேண்டும், கேட்கச் செவி வேண்டும் என்பதை இலக்கியம் அறியும். நம் தாய்மார் ஒப்பாரியில் செய்தது அதைத்தான். ஊரே சுற்றி அமர்ந்து கேட்டது. உடலே கிடைக்காமல் போனவர்களுக்கு அந்த ஒப்பாரியும் இல்லாமற் போனது. பதுளைப் பக்கத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் தம் 'குடைநிழல்' நாவலில் இனப்பகைக் காலத்து அச்சத்தை எழுதிவைத்தார். வீட்டில் பேசப்படாததை ஏட்டிலாவது படிக்க முடிகிறது. அதற்காக எவரையும் சொல் சொல் என்று வற்புறுத்தக் கூடாது. அவர் பேச முன்வரும் நாளில் எழுந்து போகாமல் இருந்து கேட்டால் போதும்.

பஸ்ஸில் நடந்ததற்காக அன்றிரவு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய பூட்டியின் மூட்டையைப் பற்றியும் தேயிலைக்குள் கழிந்த மூன்று இரவுகளைப் பற்றியும், வயதுக்குத் தக்கபடி சொன்னேன். என் அப்பா எனக்குச் சொல்லாததை, நான் ஊகித்தும் உறவினரிடம் கேட்டும் அறிந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்:

"அப்போ நான் பஸ்ஸுல தமிழ் பேசலாமாப்பா?"

"பேசலாம்" என்றேன்.