பழுதும் பண்ணும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் இசை பயின்றவனல்லேன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும், சென்ற மாதம் நம் காலனியில் அண்டை வீட்டாரைத் திடுக்கிடச் செய்த ஓர் ஓசையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன்.

என் மகன் கிதார் வாசிப்பவன். தான் சேர்த்த பணத்தில் பழைய பெடல்கள் இரண்டு வாங்கி வந்தான். கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைத்துக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகள் அவை. ஒன்று நாதத்தைக் கரகரப்பாக்கும்; மற்றொன்று அதை எதிரொலியாகத் திருப்பித் தரும். அவன் மிதித்ததும், ஒலிபெருக்கி கிழிந்துவிட்டதென்றே எண்ணினேன். "இது இசையா, பழுதா?" என்று கடிந்தேன். அவன் மறுமொழி கூறாமல் எல்லாவற்றையும் கட்டிக் கட்டிலின்கீழ் வைத்துவிட்டான். பத்து நாள் வீட்டில் கிதார் ஒலிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு இனிக்கவில்லை.

பின்னர் அப்பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். என் வினாவுக்கு விடை அதிலேயே இருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி, 1961இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' என்னும் பாட்டின் பதிவில், கிராடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிதாரின் ஒலி, கருவிப் பழுதொன்றால் கரகரத்தது. அதை நீக்காது விட்டனர், பாட்டும் புகழ்பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அவ்வொலியை வேண்டும்போது பெறுவதற்காக டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். அதுவே 1962இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட மேஸ்ட்ரோ ஃபஸ்டோன். தொடக்கத்தில் வாங்குவோர் அரிது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அது ஒலித்தபின் விற்பனை பெருகிற்று.

அதன் செயல் எளிது. தந்தியின் நாதம் அலையாக வருகிறது. பெட்டி அதனை அளவுமீறிப் பெருக்கி, அலையின் முகட்டைத் தட்டையாக வெட்டுகிறது. அவ்வெட்டினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இதைப் படித்ததும் நம் தம்பூரா நினைவுக்கு வந்தது. அதன் குதிரைமேல், தந்திக்கு அடியில், நம் முன்னோர் நூலிழை செருகியது எதற்காக? நாதம் வெறுமையாக நில்லாது ரீங்கரிப்பதற்கே அன்றோ?

அன்றிரவே மகனிடம், "பெட்டிகளை எடு, நானும் கேட்கிறேன்" என்றேன். கரகரப்பை முன்னும் எதிரொலியைப் பின்னும் இணைத்தான். ஒவ்வோர் எதிரொலியும் தனித்தனியே கேட்டது. வரிசையை மாற்றினான், யாவும் ஒன்றாய்க் கலந்து, மலைக்குகைக்குள் ரயில் நுழைந்தாற்போல் முழங்கிற்று. பெட்டிகளைக் கோக்கும் வரிசையின் அருமை ரயில்வேக்காரனுக்குத் தெரியாதா!

பெற்றோர்களே, எல்லா ஓசையும் இசையே என்று கூற வந்தேனல்லேன். இரவு ஒன்பது மணிக்குமேல் பெடலை மிதிக்கலாகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆயினும், பிள்ளைகள் செய்வதைப் பழுதென்று தள்ளுமுன் அருகில் அமர்ந்து ஒருமுறை கேளுங்கள். இன்று மாலைக் கலைநிகழ்ச்சியில் என் மகன் வாசிக்கிறான். ஒலிபெருக்கி கிழிந்துவிட்டதென்று எவரும் எழுந்து வரவேண்டா!