புகையை விடுவதும் வாசனைப் புகையும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பேசியதன் சாரம்)



மின் சிகரெட்டில் சேர்க்கும் மாம்பழம், புதினா முதலிய வாசனைகள், பீடி சிகரெட்டை விட நினைப்பவனுக்கு உதவுகின்றனவா என்பதைப்பற்றி நாம் பேச வேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். பட்டுத்தறி ஓடுகின்ற ஊரில் இந்தச் சீமை விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இவ்வூர் காரப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கின்றது. அதற்கு இதே ஊரில் பிறந்த அண்ணாவின் பெயர் வைக்கப்பட்டிருக்கின்றது. அவர் 1969-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, 59 வயதில், புற்றுநோயால் மாண்டார். அமெரிக்காவுக்குப் போய் ஆப்பரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. அவருக்குப் புகையிலைப் பழக்கமுண்டென்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே இது நம் வீட்டு விஷயமேயாகும்.

மின் சிகரெட்டில் நெருப்புக் கிடையாது. நிக்கோட்டினும் வாசனையும் கலந்த ஒரு திரவத்தை பேட்டரி சூடாக்க, அந்த ஆவியை உறிஞ்சுகிறார்கள். இதை 2003-ல் செய்தவர் சீனாவில் ஹான் லிக் என்கின்ற மருந்து நிபுணர். அவர் தாமே புகை பிடித்தவர். புகைப்பவனைக் கட்டிப் போடுவது நிக்கோட்டின். ஆளைக் கொல்லுவதோ பெரும்பாலும் புகையிலை எரிவதால் உண்டாகும் தாரும், கார்பன் மோனாக்சைடு முதலிய விஷங்களுமாகும். எரிப்பதை நிறுத்தினால் கெடுதி குறையும் என்பதே இதன் தத்துவம். குறையும் என்றால் இல்லையென்று அர்த்தமல்ல.

இதில் உண்மையுண்டா என்று இங்கிலாந்தில் 886 பேரை வைத்துச் சோதித்து, முடிவை 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, மின் சிகரெட் பெற்றவர்களில் 100-க்கு 18 பேரும், நிக்கோட்டின் மருந்து பெற்றவர்களில் 100-க்கு சுமார் 10 பேரும் புகையை விட்டிருந்தார்கள். சரி, கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் அப்படி மின் சிகரெட்டால் விட்டவர்களில் 100-க்கு 80 பேர் அப்போதும் அந்தக் கருவியை விடவில்லை. மருந்தால் விட்டவர்களிலோ 100-க்கு 9 பேர்தான் மருந்தை விடாமலிருந்தார்கள்.

இனி வாசனை. அந்தச் சோதனையில் அவரவர் பிடித்த வாசனையைத் தாமே வாங்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. பழ வாசனைக்கு மாறியவர்களே அதிகம் விட்டார்கள் என்று சில விசாரணைகள் கூறுவதுமுண்டு. ஆனால் வாசனையால் விட்டானா, விட வேண்டுமென்று முனைந்தவன் புகையிலை ருசியே வேண்டாமென்று பழத்துக்கு மாறினானா? கோழி கூவுவதால்தான் பொழுது விடிகின்றதென்று நம்புகின்ற கதையாய்விடக் கூடாதல்லவா? எல்லாச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், மின் சிகரெட் விட உதவுகிறதென்று ஒப்புக்கொள்ளுகிறார்களே யொழிய, இன்ன வாசனையினால் என்று உறுதி சொல்ல முடியவில்லை.

கசப்பு மருந்தை வைத்தியன் தேனில் குழைத்துக் கொடுக்கின்றான். எலிப் பொறியில் தேங்காய்த் துண்டும் வைக்கின்றோம். இரண்டும் ருசிதான். யாருக்காக வைத்தது என்பதே கேள்வி. 2019-ல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 27 பேருக்கு மேல் மின் சிகரெட் இழுத்தார்கள். இந்தப் பிள்ளைகள் எந்தச் சிகரெட்டை விடுவதற்காக இழுத்தார்கள்? 2020-ல் அந்தச் சர்க்கார், குப்பியடைத்த கருவிகளில் புகையிலை, மெந்தால் தவிர மற்ற வாசனைகளுக்குத் தடை போட்டது. நமக்கு இது புதிதுமல்ல. தறிக்குழியில் உட்கார்ந்தவன், இரண்டு கையும் வேலையிலிருப்பதால், வாயிலல்லவா புகையிலையை அடக்கிக்கொள்ளுகிறான்? அந்தப் புகையிலைக்கும் வாசனை கூட்டித்தான் விற்கின்றார்கள். அதனால் எவனாவது புகையிலையை விட்டதாகக் கேட்டிருக்கிறீர்களா?

நம் நாட்டில் மின் சிகரெட்டை 2018-ல் தமிழ்நாடும், 2019-ல் இந்தியா முழுவதும் சட்டத்தால் தடுத்தார்கள். விற்பவனுக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிள்ளைகளை உத்தேசித்தால் தடை நல்லதென்றே நாமும் சொல்லுவோம். ஆனால் பீடிக்கட்டு எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்கவில்லை? 2016-17 கணக்குப்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 28 பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் புகையிலை பாவித்தார்கள். புகைத்தவர்களில் சிகரெட்டைவிடப் பீடிக்காரர்களே அதிகம். கெடுதி குறைந்ததற்கு ஜெயில், கூடினதற்கு லைசென்சு என்றால் இது என்ன நியாயமோ!

அப்படியானால் பீடிக்காரன் என்ன செய்வது? மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளும் பீடியைத் தொடாதவர்கள் இக்கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், நாம் குறைவாகச் சொல்லவில்லை. நிக்கோட்டினை விட்டதால் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றமெல்லாம் முதல் வாரத்தில் கடுமையாயிருந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே மாலையைக் கழற்றும்போது பெரிய மலையைத் தாண்டியாயிற்று. அப்புறமும் பற்ற வைப்பானேன்? கழற்றியதும் பிடிக்கலாமென்று முதல் நாளே தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டதுதான் காரணம். அந்த நாற்பத்தெட்டு நாள் பிடிக்காமலிருந்தது உங்கள் சக்தியேயாகும்.

அந்தச் சக்திக்குத் துணை வேண்டுமானால் நிக்கோட்டின் பசை இருக்கின்றது. 2 மில்லிகிராம் பசையை மருந்துக் கடையில் சீட்டில்லாமலே வாங்கலாம். புதினா முதலிய வாசனைகளில் வருகின்றது. இங்கே தேன் மருந்தோடுதான் இருக்கின்றது. மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும்; எச்சிலை மடக்மடக்கென்று விழுங்கக் கூடாது. இரண்டு கையும் தறியிலேயே இருக்கலாம். சுமார் 12 வாரத்தில் கொஞ்சங்கொஞ்சமாய்க் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இருதய வியாதிக்காரரும் கர்ப்பஸ்திரீகளும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். பேசி யோசனை கேட்க இந்திய சர்க்காரின் காசில்லாத டெலிபோன் 1800-112-356. எழுதத் தெரிந்தவர்கள் இப்போதே குறித்துக்கொண்டு, தெரியாத பக்கத்துத் தறிக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள்.