குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள்



யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு குளத்தைக் காண்கிறோம். எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே, ஐந்து மண்டபங்களோடு அமைந்த பெத்சதா குளம். நலம் பெறும் நம்பிக்கையோடு நோயாளிகள் பலர் அங்கே படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயுற்றவர். நலம் பெற விருப்பமா என்று இயேசு அவரிடம் கேட்கிறார். அவரோ, தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். குளம் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

நம் போடி மலையடிவாரத்தில் ஒரு பாட்டி. நாற்பது ஆண்டுகள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். உடல் தளர்ந்தபின் ஊரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். இன்று தனியாக இருக்கிறார். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நாங்கள் அவருக்கு நற்கருணை கொண்டு செல்வோம். செபிப்போம், நலம் விசாரிப்போம், திரும்பிவிடுவோம். நான்கு ஆண்டுகள் இப்படியே போயின.

ஒருநாள் அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகள் பாதி பாதியாக உடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தோம். "பாதி பாதியா போட்டா ரெண்டு மாசம் ஓடிரும் சாமி" என்றார். முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். இரண்டு முறை முயன்றிருக்கிறார். ஆதாரில் இருந்தது இடுக்கித் தோட்டத்து லயத்து முகவரி; அதனால் முதல்முறை திரும்பி வந்தார். இரண்டாம் முறை, தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. "அப்புறம் போகல சாமி, பிச்சை கேக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

நான்கு ஆண்டுகள் நற்கருணையோடு அந்த வாசலில் நின்ற நாங்கள், அடுப்பு எரிகிறதா என்று கேட்கவில்லை. இதை உங்கள்முன் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு அன்பியத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி அவரோடு சென்றாள். ஒருநாள் முகவரி மாற்றத்துக்கு, இன்னொரு நாள் மனுவுக்கு. ரேகைக்குப் பதிலாகக் கருவிழியைப் பதிந்தார்கள். சில மாதங்களில் ஆணை வந்தது. இரண்டு நாள் துணைக்குச் செல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் அத்தனை ஆண்டுகளின் தடை.

அன்பானவர்களே, இது பிச்சை அல்ல. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 60 வயது நிறைந்த, ஆதரவற்ற ஏழை முதியோருக்கு உரியது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் மனு செய்யலாம். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது வீட்டில் இருங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி நடக்க முடியாதவர்களுக்கு அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் வழக்கறிஞர் இல்லாமலே கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்திருந்து, பிள்ளைகள் அதை மீறினால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரலாம்.

தொடக்கத் திருச்சபையில் அன்றாடப் பங்கீட்டில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படாமல் போனபோது, திருத்தூதர்கள் அதை அற்பக் காரியமாக ஒதுக்கவில்லை. அதற்கென்றே எழுவரை நியமித்தார்கள். நம் அன்பியங்களும் இந்த வாரம் அதைச் செய்யட்டும். தெருவில் 60 வயது கடந்தவர்கள் யார், யாருக்கு உதவி வரவில்லை என்று விசாரியுங்கள். ஒரு முதியவருக்கு ஓர் இளைஞர் என்று துணை சேருங்கள். கோட்டகுடிப் பக்கமோ குரங்கணியோ, மலைமேல் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள்.

பெத்சதாவில் இயேசு அந்த மனிதரைப் பார்த்தார், நெடுங்காலமாக அப்படிக் கிடப்பவர் என்று அறிந்தார், பிறகு கேட்டார். புதுமை செய்யும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால் பார்க்கலாம், அறியலாம், கேட்கலாம். வட்டாட்சியர் அலுவலகம் வரை கைபிடித்து அழைத்துச் செல்லலாம். தமக்கு ஆள் இல்லை என்று இனி நம் பங்கில் எந்த முதியவரும் சொல்லாதிருக்க, இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.