முகூர்த்தமும் முன்னேற்பாடும்



நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக் கரையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கத்தில், ஒரு வீட்டில் வரன் முடிவாகிவிட்டால் மறுவாரமே சேலத்துக்கு வண்டி புறப்பட்டுவிடும். ஜவுளிக்காக இளம்பிள்ளைக்கு ஒரு நடை, கொலுசுக்காகச் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை, மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி பார்க்க இன்னொரு நடை. இத்தகைய பயணங்களில் நானும் பலமுறை உடன் சென்றிருக்கிறேன். உறவினர் வீட்டுத் திருமணங்களில் முன்னின்று வேலை பார்ப்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எனக்கு வாய்த்துவிட்ட வழக்கம். அந்தப் பயணங்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடையில் புடவை தீர்ந்துபோயிற்று என்பதால் தடைப்பட்ட திருமணத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

அப்படியானால் தீர்ந்துபோவது எது? நாள்காட்டியைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ஆடியும் மார்கழியும் ஆகா. புரட்டாசியைப் பலர் விலக்குவர். எஞ்சிய மாதங்களிலும் வளர்பிறை வேண்டும் என்பார் பலர். மணமக்களின் நட்சத்திரத்துக்கு ஒத்த நாள் வேண்டும் என்பார் சோதிடர். விடுமுறை நாளாக இருந்தால் நல்லது என்பார் வெளியூரில் வேலை பார்க்கும் மைத்துனர். இவ்வளவும் வடிகட்டிய பின் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் மிஞ்சும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேலம் முதல் பரமத்தி வேலூர் வரை எல்லா வீட்டாரும் அந்தச் சில நாட்களையே நாடுகிறார்கள். ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, எது விலை உயர்ந்தது என்பதன்று. ஒரே நாளில் இரண்டு இடங்களில் இருக்க முடியாதது எது என்பதே.

மண்டபம் இருக்க முடியாது. இதை எல்லோரும் அறிவர். ஆறு மாதத்துக்கு முன்பே பேசிவிடுகிறார்கள். நாகசுரமும் தவிலும் வாசிப்போர் இருக்க முடியாது. படம் எடுப்பவரும் அப்படியே. புடவையைக்கூடக் கடையில் எடுக்காமல் கைத்தறியில் சொல்லி நெய்விப்பதானால், அது ஒரு நெசவாளரின் இரண்டு கைகளைப் பொறுத்தது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டியதுதான். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னே நிற்பவர் சமையல்காரர். இதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

என் தங்கையின் மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். ஆவணியிலேயே மண்டபம் பேசியாயிற்று. ஐப்பசியில் சமையல்காரரைப் பார்த்தோம். நாளைக் குறித்துக்கொண்டு, சிறு தொகை அச்சாரமாகக் கேட்டார். என் தங்கை கணவர், “ஜவுளிக்கு வைத்த பணம் மச்சான், அதை உடைக்க வேண்டாம், அடுத்த வாரம் கொடுத்துவிடலாம்” என்றார். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் கார்த்திகையாயிற்று. ஒருநாள் சமையல்காரரே தொலைபேசியில் அழைத்தார். “மூணு வாரம் காத்திருந்தேனுங்க. என்னை நம்பிப் பன்னிரண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றதுங்க?” என்று கேட்டார். வேறொரு வீட்டார் பணம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர்மேல் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. ஆண்டில் சில நாட்களே அவருக்கு வருமானம். அதில் ஒரு தை முகூர்த்தத்தை நம் வாய்ச்சொல்லுக்காக அவர் எவ்வளவு காலம் காலியாக வைத்திருப்பார்?

வேறொருவர் கிடைத்தார். முந்நூறு பேருக்குச் சமைத்துப் பழகியவர். வந்தவர்களோ ஆயிரம் பேர். காலைப் பந்தி தாமதமாயிற்று. இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தோர் வாசலில் நெருங்கினர். தாலி கட்டும் நேரத்தில் என் தங்கை மேடையில் இல்லை. சமையற்கட்டின் வாசலில் நின்று, வந்தவர்களைக் கைகூப்பிச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் அங்கிருந்தபடியே கேட்டாள். அன்று அவள் உடுத்தியிருந்த புடவை மிக நல்ல புடவை.

அச்சாரம் கேட்காத ஒருவரும் உண்டு; அவரை மறப்பது இன்னும் எளிது. கொங்கு வேளாளர் திருமணங்களைச் சீர்முறைப்படி நடத்தித் தருபவர் அருமைக்காரர். அருமை செய்துகொண்ட பெரியவர்தான் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்று இன்னொருவரை நிறுத்திவிட முடியாது. மங்கல வாழ்த்துப் பாடும் குடிமகனும் அத்தகையவரே. எங்கள் பக்கத்தில் இவ்விருவரும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்தானே, வராமலா போய்விடுவார் என்று அழைப்பிதழோடு போய் நிற்கிறோம். அன்றைக்கு அவருக்கு ஏற்கெனவே இரண்டு வீடுகள்! அழைப்பிதழ் அச்சாகும் முன்பே வெற்றிலை பாக்குடன் சென்று நாளைக் கேட்டுவர ஒரு மாலைப்பொழுது போதும்.

இலையும் பூவும் வேறு வகை. இவற்றை மாதக்கணக்கில் முன்பே பேசுவதில் பொருளில்லை. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்கால் பாசனத்தில் வாழைக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு முழு இலையிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு நுனியிலைதான், மற்றவை ஏடுகள். ஆயிரம் பேருக்கு நுனியிலை வேண்டுமென்றால் ஆயிரம் முழு இலைகளை அறுக்க வேண்டும். ஆடிக்காற்று வேறு இலைகளைக் கிழித்துவிட்டுப் போயிருக்கும். எனவே ஆவணித் திருமணத்துக்கு மட்டும் இலைக்காரரிடம் சற்று முன்னதாகவே சொல்லிவைப்பது நலம். மல்லிகை குளிரில் குறைவாகவே பூக்கும். தை முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அதன் விலையைக் கேட்டுத் திகைப்பதைவிட, செவ்வந்தியும் சம்பங்கியும் கலந்து கட்டச் சொல்வது அறிவுடைமை. அளவை முன்பே சொல்லலாம். விலையை முன்பே முடிவுசெய்ய எந்தப் பூக்காரரும் இசையார். இசைந்தால் அவரை நான் ஐயுறுவேன்.

முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கும் ஆபத்து உண்டு என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிற்று. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது. மே மாதத்தில் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்று வரம்பு வந்தது. ஆயிரம் பேருக்கு மண்டபம் பேசியவர்கள் அச்சாரத்தைத் திரும்பக் கேட்டார்கள். பலரிடம் ரசீதுகூட இல்லை. வாங்கியவர்களின் கையிலும் பணம் இல்லை. மேளம் வாசிப்போரும் பாத்திரம் வாடகைக்கு விடுவோரும் அந்த ஆண்டு பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதன்பின் நான் பேசும் எந்த ஏற்பாட்டிலும், நாள் தள்ளிப்போனால் அச்சாரம் அடுத்த நாளுக்குச் செல்லும் என்ற ஒரு வரியை எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்கிறோம். முகம் சுளித்தவர்கள் மிகச் சிலரே.

தங்கையின் இளைய மகளுக்கு வைகாசியில் திருமணம் நடந்தது. நாள் குறித்த அன்று மாலையே அருமைக்காரரைப் பார்த்துவிட்டு, அப்படியே அந்தப் பழைய சமையல்காரர் வீட்டுக்குச் சென்றோம். இந்தமுறை என் தங்கை கணவரே பணத்தை எடுத்து வைத்தார். சமையல்காரர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, “அம்மிணியை மேடையிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்க” என்றார். ஜவுளி எடுக்க நாங்கள் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து.