பூமியின் ஆழம் அறியப் பொதுக் கருவி



பூமியின் உட்பகுதியைக் கண்ணால் காண இயலாது. நிலத்தில் அதிர்வை எழுப்பி, அது ஆழத்துப் பாறைகளினின்று மீண்டு வரும் நேரத்தை அளந்தே அதனை அறிகிறோம். மேலடுக்கை ஆராயச் சம்மட்டி அடியே போதும். பல கிலோமீட்டர் ஆழத்திற்கு வெடிமருந்தோ, நிலத்தைச் சீராக அதிர்விக்கும் கனரக வண்டியோ வேண்டும்.

1972-இல் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம், சோவியத் அறிஞர்களின் ஒத்துழைப்புடன், காவலி முதல் உடுப்பி வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவுக்கு இத்தகைய ஆய்வைத் தொடங்கியது. பெரிய நிறுவனத்துக்கு இயன்ற இப்பணி ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு எளிதன்று. வண்டியின் விலை, பராமரிப்பு, வெடிபொருள் உரிமம் ஆகிய அனைத்தும் பெருஞ்சுமை. ஆண்டில் சில வாரப் பணிக்கென ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. வாங்காவிடிலோ, பிறர் திரட்டிய பதிவுகளையே மாணவர் நம்பியிருக்க நேரிடும்.

இதற்கு வழிகாட்டி இந்நகரிலேயே உண்டு. 1963-இல் முதல் ராக்கெட்டை ஏவிய தும்பா, 1968-இல் ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பன்னாட்டு அறிஞரும் ஒரே தளத்தைப் பயன்படுத்தினர். 1978-இல் இங்கு நிறுவப்பட்டு, 2014 முதல் மத்திய அரசின் கீழ் இயங்கும் புவி அறிவியல் ஆய்வு மையம் போன்றதொரு நிறுவனம், அதிர்வு வண்டியையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் பொதுவில் வைத்து, ஆய்வின் தகுதி நோக்கி முறைப்படி வழங்கலாம். வீடுகள் நெருங்கிய கேரளத்தில் வெடியினும் வண்டியே ஏற்றது.

கருவியை வாங்குவதோடு பணி முடியாது. பராமரிப்புக்கும் பணியாளருக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். இன்றேல், பொதுக் கருவி கொட்டகையில் துருப்பிடித்தே கிடக்கும்.